ஸ்பிட்ஃபயருக்கு எழுதிய மொய்

போன வருடம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், வீடியோ காலில், நான் தலையாட்டிவிட்டேன்.

எங்கள் க்ளையன்ட் இங்கிலாந்துக்காரர். அறுபதைத் தொடப்போகிறவர், நல்ல மனிதர், பக் ரிப்போர்ட்டுக்குக்கூட நன்றி சொல்லி மெயில் போடுபவர். எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்த ஸ்பிட்ஃபயர் பொம்மையை அன்றைக்குத்தான் கவனித்தார். முகம் மலர்ந்துவிட்டது. எந்த மார்க் என்று கேட்டார். மார்க் ஒன், 1/72 ஸ்கேல், நானே ஒட்டியது என்றேன். அவருடைய அப்பா சின்னப் பையனாக வயலில் நின்று அந்த விமானங்களை அண்ணாந்து பார்த்தவராம். அப்புறம் சொன்னார்: 1940இல் நாங்கள் தனியாக நின்றோம், எங்களுக்கு இருந்தது அந்த விமானம் மட்டும்தான்.

நான் தலையாட்டினேன். பக்கவாட்டில் ஆட்டுகிற நம்மூர்த் தலையாட்டல்கூட இல்லை, மேலும் கீழும். ஆமாம் சார், கரெக்ட் சார். அவர் சொன்னது தப்பு என்று தெரிந்தே ஆட்டினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முதலில் என் பக்கத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பதினொரு வயதில், பிறந்தநாளுக்கு மாமா ஒரு பிளாஸ்டிக் கிட் வாங்கித் தந்தார். எந்தப் பசை போடணும் என்று சொல்லித்தர அம்பத்தூரில் யாரும் இல்லை. ஃபெவிக்விக் போட்டேன். காக்பிட் கண்ணாடி முழுக்க வெள்ளையாய்ப் பூத்துவிட்டது. அந்த விமானத்தின் பைலட் இன்றுவரை பனிமூட்டத்துக்குள்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். கல்லூரியில் தெர்மோடைனமிக்ஸில் அரியர் வைத்திருந்த காலத்தில் எனக்கு மெர்லின் இன்ஜினின் கொள்ளளவு 27 லிட்டர் என்று தெரியும். பன்னிரண்டு சிலிண்டர் என்று தெரியும். மார்க் ஒன்னின் எட்டு பிரௌனிங் துப்பாக்கிகளில் ஒவ்வொன்றுக்கும் 300 குண்டு, விடாமல் அழுத்தினால் கிட்டத்தட்ட பதினைந்து நொடியில் எல்லாம் காலி என்று தெரியும். 1936 மார்ச் 5 அன்று சவுத்தாம்ப்டன் பக்கத்து ஈஸ்ட்லியில் அது முதன்முதலாகப் பறந்தது தெரியும். அதை வடிவமைத்த ஆர். ஜே. மிட்செல் அடுத்த வருடமே புற்றுநோயில் இறந்துபோனதை நினைத்து ஒரு ராத்திரி நான் நிஜமாகவே அழுதிருக்கிறேன்.

நான் ஒருத்தன் மட்டும் இல்லை. ஆவடி, பூந்தமல்லி, திருமுல்லைவாயல் பையன்கள் சேர்ந்த ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. பாதிப் பேர் ஐ.டி., மீதிப் பேர் ஆட்டோ பாகக் கம்பெனிகளில். சனிக்கிழமை ராத்திரி சிமுலேட்டரில் உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஸ்பிட்ஃபயர்தான் வேண்டும். ஹரிகேன் எடுத்துக்கோ என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். இத்தனைக்கும் பிரிட்டன் வான்போரில் எண்ணிக்கையில் அதிகம் இருந்ததும் அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியதும் ஹரிகேன்தான். குழாயும் துணியுமாகக் கட்டிய விமானம், குண்டு துளைத்தால் ஒட்டுப்போட்டு மறுநாள் அனுப்பிவிடலாம். ஆனால் ஒட்டுப்போட்ட விமானத்தை யார் வால்பேப்பராக வைப்பார்கள்?

என் புகார் இதுதான். ஸ்பிட்ஃபயரின் கவர்ச்சி அதன் இறக்கையில் மட்டும் இல்லை. அது சொல்லும் கதையில் இருக்கிறது: ஒரு வானம், ஒரு மிஷின், ஒரு இளைஞன். இந்தக் கதை நிற்கணும் என்றால் மற்ற எல்லோரையும் ஃபிரேமுக்கு வெளியே தள்ளணும். அப்படித் தள்ளப்பட்டவர்களின் வரிசையில் நாமும் நிற்கிறோம். வெளியே நின்றுகொண்டே கைதட்டுகிறோம்.

இப்போது மொய் நோட்டைத் திறக்கலாம்.

ராயல் ஏர்ஃபோர்ஸ் ஸ்குவாட்ரன்களின் பட்டியலில் சில எண்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு ஊர்ப் பெயர் இருக்கும். 152க்குப் பக்கத்தில் ஹைதராபாத். 79, 234, 264 என்ற மூன்று எண்களுக்குப் பக்கத்தில் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’. மூன்று ஸ்குவாட்ரன்கள், நம் பெயரில். காரணம் எளிது. பணம் கொடுத்தோம். கல்யாண மண்டபத்தில் ஒருத்தர் நோட்டோடு உட்கார்ந்து பெயர், ஊர், தொகை என்று எழுதுவாரே, அதே கணக்குதான். ஊரார் வசூலித்துக் கொடுத்தால் விமானத்தின் மேல் பெயர், பெருந்தொகை என்றால் ஸ்குவாட்ரனுக்கே பெயர். ஒரு ஸ்பிட்ஃபயருக்கு அன்று சொல்லப்பட்ட விலை 5,000 பவுண்டு. உண்மைச் செலவு அதைவிட அதிகம், ஆனால் மொய்க்கு ஒரு ரவுண்டு நம்பர் வேண்டுமே. அன்றைக்கு ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். கணக்குப் போட்டால் ஒரு விமானம் கிட்டத்தட்ட 66,667 ரூபாய். 1940இன் ரூபாய்.

234வது ஸ்குவாட்ரன் 1940 கோடையில் தெற்கு இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் ஓட்டியது. பாப் டோ, பேட் ஹியூஸ் போன்ற பைலட்டுகளின் ஸ்குவாட்ரன் அது. எங்கள் குழுவில் ஹியூஸ் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அவருடைய ஸ்குவாட்ரனின் பெயரில் மெட்ராஸ் இருக்கிறது என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. 264இன் கதை இன்னும் பாவம். அது ஓட்டியது டெஃபையன்ட் என்ற விமானம். பைலட்டுக்கு முன்பக்கம் சுட ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது, பின்னால் ஒருவர் சுழலும் கூண்டுக்குள் உட்கார்ந்து சுடணும். 1940 ஆகஸ்ட் கடைசியில் ஜெர்மன்காரர்கள் அதைப் பந்தாடியதில், பகல் சண்டையிலிருந்து அதை விலக்கி ராத்திரி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதைக் குழுவில் போட்டதும் ஒருத்தன் உடனே பதில் அனுப்பினான்: “செம கெத்து ப்ரோ, நம்ம பேரை வெச்சிருக்கானுங்க.” எனக்கும் முதல் ஐந்து நிமிடம் அப்படித்தான் இருந்தது, மறைக்கவில்லை.

ஆனால் மொய் என்றால் நாமாக வைக்கணும். 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவையும் போரில் சேர்த்துவிட்டதாக அறிவித்தார். இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த யாரையும் கேட்கவில்லை. கேட்காததற்காகவே அடுத்த மாதம் மெட்ராஸில் ராஜாஜியின் அமைச்சரவை ராஜினாமா செய்தது. அதன்பின் இங்கே சட்டசபை ஆட்சி இல்லை, கவர்னர் ஆட்சி. 1940 அக்டோபரில் காந்தி தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கினார். இந்தப் போருக்கு ஆளோ பணமோ தருவது தவறு என்று தெருவில் நின்று சொல்வதுதான் அதன் செயல்திட்டமே. சொன்னவர்கள் உள்ளே போனார்கள், ராஜாஜி உட்பட. அதே காலத்தில்தான் அதே ராஜதானியில் போர் நிதி வசூல். பணம் தராதே என்று சொன்னால் ஜெயில், தந்தால் பெயர். கலெக்டரும் தாசில்தாரும் மேற்பார்வை பார்க்கிற வசூலில் ஒரு கிராமத்து மணியக்காரர் எவ்வளவு மனமுவந்து கொடுத்திருப்பார் என்பதை, ஆபீஸில் எச்.ஆர். அனுப்பும் ‘விருப்பமிருந்தால் மட்டும்’ நன்கொடை மெயிலைப் பார்த்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். மனமுவந்து தந்தவர்களும் இருந்தார்கள். ஜமீன்கள், வணிகர்கள், ஹிட்லர் ஜெயித்தால் உலகம் என்னாகும் என்று நிஜமாகவே பயந்தவர்கள். அந்தப் பயம் நியாயமானது. நான் கேட்பது வேறு.

மொய் எழுதியவனுக்கு இலையாவது போடுவார்கள், இல்லையா?

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். 9ஆம் தேதி திருகோணமலையில். அப்போதைய மெட்ராஸ் ராஜதானியின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் அதற்குள்தான் இருக்கின்றன. இங்கிலாந்து வானத்துக்கு மூன்று ஸ்குவாட்ரன் அளவுக்கு மொய் எழுதிய ராஜதானியின் சொந்தக் கரையில் குண்டு விழுகிறது. அன்றைக்கு இந்தியா முழுக்க ஒரு ஸ்பிட்ஃபயர் சண்டை ஸ்குவாட்ரன்கூடக் கிடையாது. முதல் ஸ்பிட்ஃபயர் ஸ்குவாட்ரன்கள் இங்கே களத்துக்கு வந்தது 1943 கடைசியில்.

மெட்ராஸுக்குக் கிடைத்தது ஒரு உத்தரவு. அவசர வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுங்கள். அரசு அலுவலகங்கள் மூட்டைகட்டி உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிச் சாலையின் சிங்கம், புலிகளை, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சுட்டுக் கொன்றார்கள். நகரமே காலியானது. வண்டிமாடு கிடைத்தவர்கள் வண்டியில், கிடைக்காதவர்கள் நடந்து. அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி நம் திருவள்ளூர் ரோடு வழியாகத்தான் போயிருக்க வேண்டும், மேற்கே போக வேறு எது வழி? ஆனால் நமக்கு மனப்பாடமாக இருக்கும் தேதி 1940 செப்டம்பர் 15, லண்டன். என் க்ளையன்டின் அப்பா வயலில் நின்று அண்ணாந்து பார்த்தது எனக்குத் தெரியும். 1942 ஏப்ரலில் இங்கே அண்ணாந்து பார்த்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்று வீட்டில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்கிற வயதில் கொள்ளுத்தாத்தா இருந்தார், நான் பிளாஸ்டிக்கை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. போர் விமானம் என்றால் நம் ஏரியாவுக்குச் சம்பந்தமே இல்லாத சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். அம்பத்தூருக்கு வடகிழக்கே, கள்ளிக்குப்பம், சூரப்பட்டு தாண்டினால் புழல் ஏரி. சென்னை குடிக்கிற தண்ணீர். போர்க்காலத்தில் அது ரெட் ஹில்ஸ் லேக் என்ற ராயல் ஏர்ஃபோர்ஸ் தளம். ஏரிதான் ஓடுபாதை. 240வது ஸ்குவாட்ரனின் கேட்டலினா பறக்கும் படகுகள் அந்தத் தண்ணீரிலிருந்து கிளம்பி வங்காள விரிகுடா மேல் ரோந்து போய்வந்தன. படகின் வயிறு, குடைமாதிரி மேலே தூக்கி வைத்த இறக்கை, பக்கவாட்டில் கொப்புளம் போல இரண்டு கண்ணாடிக் கூண்டு. அழகு என்ற வார்த்தையை யாரும் பக்கத்தில் கொண்டுபோக மாட்டார்கள். வேகம் மணிக்கு 200 மைலைத் தொடாது. ஆனால் ஒரே மூச்சில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் காற்றில் நிற்கும். வேலை என்ன? பார்ப்பது. உட்கார்ந்து கடலைப் பார்ப்பது. நீர்மூழ்கி தெரிகிறதா, கப்பல் தெரிகிறதா, விழுந்த விமானத்தின் ஆட்கள் ரப்பர் படகில் மிதக்கிறார்களா.

கொழும்புக்கு ஜப்பானியக் கப்பற்படை வருவதை முந்தைய நாளே கண்டு சொன்னது ஒரு கேட்டலினாதான். இலங்கையின் தென்முனையில் கொக்கலை என்ற நீர்நிலையிலிருந்து கிளம்பிய லெனார்ட் பிர்ச்சல் என்ற கனடாக்காரரும் அவர் குழுவினரும் வயர்லெஸ்ஸில் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தபோதே சுடப்பட்டார்கள். பிழைத்தவர்கள் கடலில் விழுந்து ஜப்பானியரிடம் சிறைப்பட்டார்கள். ஒரு குண்டைக்கூடப் போடாமல் ஒரு தீவையே எச்சரித்த விமானம். எங்கள் சிமுலேட்டரில் யாரும் அதை ஓட்டுவதில்லை. ஓட்டினால் பதினைந்து மணி நேரம் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கணும், யார் உட்காருவார்கள்.

இங்கே ஒருத்தர் கையைத் தூக்குவார் என்று தெரியும். ‘அழகை அழகா ரசிக்க விடுங்க ப்ரோ. எல்லாத்துலயும் காலனி, காசு, சாதின்னு தோண்டிக்கிட்டே இருந்தா எதைத்தான் ரசிக்கிறது? நாங்க இன்ஜினியரிங்கைத்தான் ரசிக்கிறோம்.’

சரி, இன்ஜினியரிங்குக்கே வருகிறேன். அழகு பொய் என்று நான் சொல்லவில்லை. பெவர்லி ஷென்ஸ்டோன் கணக்குப் போட்ட அந்த நீள்வட்ட இறக்கையைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஆனால் இன்ஜினியரிங்கை ரசிக்கிறேன் என்கிறவர்கள் தயவுசெய்து கார்புரேட்டரையும் ரசிக்கணும்.

ஸ்பிட்ஃபயருக்கு ஒரு வெட்கக்கேடான வியாதி இருந்தது. பைலட் மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் இன்ஜின் நின்று நின்று வரும். மெர்லினின் கார்புரேட்டர் மிதவை வைத்தது. விமானம் திடீரென்று கீழே குனியும்போது பெட்ரோல் அறைக்குள் மேலே எகிறும், இன்ஜினுக்கு ஒரு கணம் பட்டினி. அடுத்த கணம் மிதவை தடுமாறி அளவுக்கு மேல் பெட்ரோல் கொட்டி, இன்ஜின் மூழ்கும். மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை, அதற்கு இந்தத் தொல்லையே கிடையாது. துரத்துகிறவனிடமிருந்து தப்ப ஜெர்மன் பைலட் செய்ய வேண்டியதெல்லாம் மூக்கைக் கீழே குத்துவதுதான். ஸ்பிட்ஃபயர்காரர் முதலில் பாதி உருண்டு அப்புறம் டைவ் அடிக்க வேண்டும். அதற்குள் அவன் போய்விடுவான். நம் ஆட்கள் புகழும் 1940 கோடை முழுக்க இதே கதிதான்.

இதற்கு வேலை முடித்துக் கொடுத்தவர் ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண். பொறியாளர். புரூக்லேண்ட்ஸ் தடத்தில் நார்ட்டன் பைக் ரேஸ் ஓட்டியவர். அவர் கண்டுபிடித்தது புது கார்புரேட்டர் அல்ல, அதற்கெல்லாம் அவகாசம் இல்லை. நடுவில் சரியான அளவுக்கு ஓட்டை போட்ட ஒரு சின்ன உலோகத் தடுப்பு. முழு வேகத்தில் இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் தேவையோ அவ்வளவுதான் அந்த ஓட்டை வழியாகப் போகும், அதற்கு மேல் போகாது. மூழ்கும் வியாதி முக்கால்வாசி தீர்ந்தது. 1941 தொடக்கத்தில் அவரும் அவர் குழுவும் விமானத் தளம் தளமாகப் போய் மாட்டிவிட்டு வந்தார்கள். விமானத்தைச் சேவையிலிருந்து எடுக்காமலே மாட்டலாம்.

இந்தத் தடுப்பின் படத்தை அப்பாவிடம் காட்டினேன். அப்பா முப்பத்தோரு வருடம் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர், கடைசி பத்து வருடம் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“வாஷர்தானே இது?”

“ஆமாம்ப்பா. ஓட்டை அளவுதான் விஷயம்.”

“பித்தளையா? டாலரன்ஸ் என்ன குடுத்திருக்கான்?”

எனக்குத் தெரியாது. மெர்லினின் 27 லிட்டர் தெரிந்த எனக்கு அந்த ஓட்டையின் டாலரன்ஸ் தெரியாது. அப்பாவுக்கு அது மட்டும்தான் கேட்கத் தோன்றியது. அவர் பட்டறையில் வருடக்கணக்காகச் செய்தது ஒரு பித்தளை புஷ். உள்விட்டம், வெளிவிட்டம், நீளம். கோ, நோ-கோ கேஜில் நுழையணும், நுழையக் கூடாது. ட்ராயிங்கில் பார்ட் நம்பர் இருக்கும், எதில் மாட்டுவார்கள் என்று இருக்காது. “எங்க போவுதுன்னு நமக்கு எதுக்கு? ரிஜெக்ட் ஆவாம போவணும்” என்பார். ஒருமுறை ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்தது, மேலே இருந்த சப்ளையர் பட்டறை மேல் பழிபோட, பட்டறை ஷிஃப்ட் ஆட்கள் மேல் போட்டது. மூன்று மாதம் பாதிச் சம்பளம். பிறகு பார்த்தால் ட்ராயிங்கிலேயே தப்பு. அந்த மூன்று மாதத்தில் ஒன்றில்தான் என் பிறந்தநாள் வந்தது. அதனால்தான் கிட்டை மாமா வாங்கித் தந்தார். இதையும் நான் ரொம்ப நாள் சேர்த்துப் பார்க்கவில்லை.

அம்பத்தூரில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு பட்டறை, எந்தப் பட்டறையிலும் ஏதோ ஒன்றின் ஏதோ ஒரு பாகம். நமக்குத்தான் தெரியணும் ஒரு மிஷின் எப்படி உருவாகிறது என்று. மான்செஸ்டரில் மெர்லின் தயாரிக்க ஃபோர்டு கம்பெனியிடம் கேட்டபோது, ரோல்ஸ்-ராய்ஸ் தந்த ட்ராயிங்குகளை வைத்து இதைச் செய்ய முடியாது என்றார்கள் ஃபோர்டு ஆட்கள். உங்கள் டாலரன்ஸ் ரொம்பத் துல்லியமா என்று கேட்டால், இல்லை, ரொம்பத் தளர்வு என்றார்களாம். ரோல்ஸ்-ராய்ஸில் கைதேர்ந்த ஃபிட்டர்கள் ஒவ்வொரு இன்ஜினையும் அராவித் தேய்த்துப் பொருத்தினார்கள். ஃபோர்டில் எந்தப் பாகத்தை எடுத்தாலும் எந்த இன்ஜினிலும் உட்காரணும். ட்ராயிங்குகளைத் திருத்தி வரைந்த பிறகு அங்கிருந்து சுமார் 30,000 மெர்லின்கள் வந்தன, பெரும்பாலும் முன்பின் ஃபாக்டரி பார்த்திராத ஆட்கள் செய்தவை. அப்பாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்தது. இரண்டு தரம் சொல்லச் சொன்னார். இறக்கைக் கதை பிடிக்கவில்லை.

வானத்தில் நடந்ததும் இதே லட்சணம்தான். சாஃப்ட்வேர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், 1940இன் நிஜ சிஸ்டம் ஹியூ டௌடிங் கட்டியது. கடற்கரை நெடுக ரேடார் கோபுரங்கள், உள்நாட்டில் பைனாகுலரோடு உட்கார்ந்த பார்வையாளர்கள், தகவலை வடிகட்ட பென்ட்லி பிரையரியில் ஒரு அறை, மேஜை வரைபடத்தில் கட்டைகளைத் தள்ளிய பெண்கள், எல்லாவற்றையும் இணைத்த டெலிபோன் கம்பிகள். எதிரி எங்கே, எத்தனை பேர், எந்த உயரம் என்று தெரிந்த பிறகுதான் விமானம் கிளம்பும். ஸ்பிட்ஃபயர் அந்த சிஸ்டத்தின் கடைசி ஸ்கிரீன். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்து எழுப்பப்பட்டவர்கள், காலையில் ஸ்கிரீனை டிசைன் செய்தவருக்குக் கைதட்டல் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே எரிச்சல்தான் எனக்கு.

நோலனின் ‘டன்கர்க்’ 2017இல் வந்தபோது பெட்ரோல் தீர்ந்த ஸ்பிட்ஃபயர் சத்தமே இல்லாமல் மிதந்து வருகிற காட்சியில் தியேட்டரில் எனக்குப் புல்லரித்தது. பிரான்ஸில் அந்தப் போரில் கோவேறு கழுதைகளோடு போன இந்திய ராணுவக் கம்பெனிகளும் இருந்தன, படத்தில் இல்லை. மகிந்தர் சிங் புஜ்ஜி என்ற பைலட் தலைப்பாகையோடு ஹரிகேன் ஓட்டினார். 1940இல் இங்கிருந்து போன 24 இந்திய பைலட்டுகளில் ஒருவர். கிரேவ்ஸெண்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள், 2014இல், அவர் இறந்து நான்கு வருடம் கழித்து. தனியாக நின்றோம் என்ற வாக்கியத்துக்குள் இவர்கள் யாரும் உட்காருவதில்லை. உச்சக்கட்ட காமெடி 2009இல் நடந்தது. வெளிநாட்டவர் வெளியேற வேண்டும் என்கிற பிரிட்டிஷ் தேசியக் கட்சி தேர்தல் போஸ்டரில் ஒரு ஸ்பிட்ஃபயரைப் போட்டது. பார்த்தால் அது 303வது ஸ்குவாட்ரனின் விமானம். போலந்துக்காரர்கள் ஓட்டியது. அந்த விமானத்தை அவ்வளவு நேசித்தவர்கள் அதன் மேல் என்ன எழுதியிருந்தது என்றுகூடப் படிக்கவில்லை. நாமும்தான் 234க்குப் பக்கத்து அடைப்புக்குறியைப் படிக்கவில்லை.

‘அப்போ நம்ம நேட்டைக் கொண்டாடுவோம்’ என்று குழுவில் தேசபக்தர் ஒருவர் ஆரம்பித்தார். 1965 செப்டம்பர் 3, டிரெவர் கீலர், சேபரை வீழ்த்திய குட்டி விமானம். கொண்டாடலாம். ஆனால் கதையை மட்டும் மாற்றாமல் விமானத்தை மாற்றி என்ன பிரயோஜனம்? நேட்டை வடிவமைத்தவரும் ஒரு ஆங்கிலேயர்தான், டபிள்யூ. இ. டபிள்யூ. பெட்டர், ஸ்பிட்ஃபயர் பிறந்த அதே சவுத்தாம்ப்டன் பக்கம். இங்கே பெங்களூர் எச்.ஏ.எல்.லில் அதைக் கட்டியவர்கள், சண்டையில் துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது என்று பைலட்டுகள் சொல்லச் சொல்ல அதோடு மல்லுக்கட்டியவர்கள், இவர்களில் ஒருத்தர் பெயராவது நமக்குத் தெரியுமா? 1971 நவம்பர் 22 அன்று போய்ராவில் நான்கு நேட்டுகள் பாகிஸ்தான் சேபர்களை மடக்கியதற்கு, தரையில் ரேடார் முன்னால் உட்கார்ந்து வழிசொன்ன கே. பி. பாக்சி என்ற இளம் அதிகாரியும் காரணம். அந்தப் பெயர் எங்கள் தேசபக்தருக்குத் தெரியவில்லை. கூகிள் செய்துவிட்டு வந்து, ‘அவர் பைலட் இல்லையே ப்ரோ’ என்றார்.

நான் பொம்மையைத் தூக்கிப் போடவில்லை. அது அலமாரியில்தான் இருக்கிறது. ஸ்டாண்டில் ஒரு சின்னக் காகிதத்தில் 79, 234, 264 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், காலில் யாராவது கேட்டால் சொல்ல. இதுவரை யாரும் கேட்கவில்லை. க்ளையன்டுக்கு ஒரு மெயில் எழுதி டிராஃப்டில் கிடக்கிறது. மூன்று தடவை திருத்திவிட்டேன், ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்கிற தொனி எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது. யார் யாரிடம் மன்னிப்புக் கேட்கணும் என்றே தெரியாத அளவுக்குப் பழகியிருக்கிறது விரல்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு சூரப்பட்டு பக்கம் போனேன். கரை தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினேன். தண்ணீர் நிறைய இருந்தது, நீர்க்காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இங்கேதான் விமானம் இறங்கும், தண்ணீர் மேலேயே, என்று போனில் கேட்டலினா படத்தைக் காட்டினேன். ஸ்பிட்ஃபயர் படத்தை எத்தனை தரம் காட்டியும் அரை நொடிக்கு மேல் பார்க்காதவர், இதைப் பெரிதாக்கி, இறக்கை, வயிறு, கண்ணாடிக் கூண்டு என்று ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“தண்ணியில எறங்குனா அடியில துரு புடிக்குமே. எங்க தூக்கிவெச்சு வேலை பாப்பானுங்க?”

கரையோரம் எங்காவது சாய்தளம் கட்டியிருப்பார்கள் என்றேன். அப்பா ஏரியை விட்டுவிட்டு, கரையில் அது எங்கே இருந்திருக்கும் என்று தேட ஆரம்பித்தார்.